தஞ்சாவூர் மராத்தி

தஞ்சாவூர் மராத்தி என்பது தமிழ்நாட்டில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மராட்டியர் வழிவந்தோர் வீடுகளில் பேசும் மராத்தி மொழியின் வட்டார வழக்கு ஆகும். இது பெரும்பாலும் பேச்சு வழக்காகவே நிலைத்துள்ளது. இளைய தலைமுறையினரிடையே இதன் பயன்பாடு குறைந்து வருவதால், இதனைப் பேணுவது அச்சமூகத்தினர் எதிர்கொள்ளும் முதன்மையான சிக்கலாக உள்ளது.

வரலாறு

1677 ஆம் ஆண்டில் சிவாஜி, பீசப்பூர் சுல்தானகத்திடமிருந்து செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினார். 1689 இல் அவருடைய மகன் இராசாராம் செஞ்சிக்கு வந்து சேர்ந்த பின்னர், அக்கோட்டை மராட்டிய அரசின் தலைமையிடமாக விளங்கியது. நீண்ட முற்றுகைக்குப் பின் 1698 இல் முகலாயப் படைகள் அதனைக் கைப்பற்றின. ஆகவே செஞ்சியில் மராட்டியர் ஆட்சி சுமார் 21 ஆண்டுகளே நீடித்தது.

தஞ்சாவூரில் நிலைமை வேறு. சிவாஜியின் தம்பி வெங்கோஜி 1670களின் நடுவில் நிறுவிய ஆட்சி 1855 வரை தொடர்ந்தது. இக்காலத்தில் அலுவலர், புலவர், இசைவாணர், கைவினைஞர் எனப் பலதரப்பட்ட மராத்திக் குடும்பங்கள் அங்கு நிலைகொண்டன. செஞ்சிக்கு அண்மையிலுள்ள ஆரணியிலும் மராத்தி பேசும் சாகீர்தார்கள் இருந்தனர். ஒரு மொழி வேரூன்றுவதற்குப் படையெடுப்பை விடக் குடியிருப்பே முக்கியமானது என்பதற்குச் செஞ்சியும் தஞ்சாவூரும் எடுத்துக்காட்டுகளாகும்.

எழுத்தும் இலக்கியமும்

தஞ்சை மன்னர் சகசி (ஆட்சிக்காலம் 1684–1712) மராத்தியிலும் தெலுங்கிலும் நாடகங்கள் இயற்றினார். இரண்டாம் சரபோசி காலத்தில், 1803 இல், போன்சலே மரபின் வரலாறு தஞ்சைப் பெரிய கோயிலில் மராத்தியில் பொறிக்கப்பட்டது. சரசுவதி மகால் நூலகத்தில் மராத்திச் சுவடிகள் பெருந்தொகையாக உள்ளன. அரசு ஆவணங்கள் மோடி எழுத்தில் எழுதப்பட்டன. மோடி எழுத்து 2014 இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்டது. எனினும் இவ்வழக்கைப் பேசுவோரில் பெரும்பாலோருக்கு இவ்வெழுத்தைப் படிக்கத் தெரியாது. லாவணி என்னும் பாடல் வகையும், அரிகதையில் இடம்பெறும் அபங்கம், சாகி, திண்டி முதலியனவும் மராத்தி வழியாகத் தமிழகத்துக்கு வந்தவை.

மொழி இயல்பு

மகாராட்டிரத்திலிருந்து பிரிந்து வளர்ந்ததால், அங்கு வழக்கொழிந்த சில பழைய சொற்களும் வடிவங்களும் இதில் எஞ்சியுள்ளன. தமிழ், தெலுங்குச் சொற்களும் மிகுதியாகக் கலந்துள்ளன. இதனால் புனே நகரத்தவருக்கு இவ்வழக்கு முழுமையாக விளங்குவதில்லை. இவ்வேறுபாட்டைப் பிழை எனக் கருதித் தம் குழந்தைகளிடம் பேசத் தயங்கும் பெற்றோரும் உண்டு.

தலைமுறை இடைவெளி

பள்ளியில் தமிழும் ஆங்கிலமும், தெருவில் தமிழும் பயன்படுவதால் இவ்வழக்குக்கு வீடு ஒன்றே களமாக உள்ளது. பாட்டன், பாட்டியர் உடன் வாழும் கூட்டுக் குடும்பம் சுருங்கும்போது அக்களமும் சுருங்குகிறது. குழந்தை கேட்டுப் புரிந்துகொண்டு தமிழில் மறுமொழி சொல்வது முதற்கட்டம். அக்குழந்தை பெற்றோராகும்போது அடுத்த தலைமுறைக்குக் கேட்கும் வாய்ப்பும் இல்லாமற் போகிறது.

2003 இல் யுனெசுக்கோ வல்லுநர் குழு வகுத்த ஒன்பது காரணிகளுள் முதலாவது, மொழி தலைமுறைகளுக்கிடையே கைமாறுவதே ஆகும். சிங்கப்பூரிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்துள்ளது. அங்கு 1979 இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கப்பட்டது. ஹொக்கியன், தியோச்சியூ, கண்டோனியம் முதலிய சீன வட்டார வழக்குகளை வீட்டில் முதன்மையாகப் பேசுவோர் 2010 இல் 14.3 விழுக்காடாகவும், 2020 இல் 8.7 விழுக்காடாகவும் இருந்தனர். அங்கு அரசின் கொள்கை செய்ததை, இங்கு எவருடைய கட்டளையும் இன்றி அன்றாட வாழ்க்கையே செய்துவருகிறது.

பாதுகாப்பு

மராத்தி இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ளது. ஆனால் இவ்வட்டார வழக்குக்குத் தனி இடம் இல்லை. பொது மராத்தியைக் கற்பிப்பதால் மட்டும் இவ்வழக்கு பிழைக்காது. முதியோரின் கதைகள், உறவுமுறைச் சொற்கள், சமையற் குறிப்புகள், தாலாட்டுகள் ஆகியவற்றை ஒலிப்பதிவு செய்தலும், தமிழ் அல்லது தேவநாகரி எழுத்தில் சொற்பட்டியல் தொகுத்தலும் எளிய வழிகளாகும். ஆயினும் பதிவுகள் மொழியின் நினைவையே காக்கும். வீட்டில் குழந்தையுடன் பேசுவதே மொழியைக் காக்கும்.

2025 சூலையில் செஞ்சிக் கோட்டை, மகாராட்டிரத்தின் 11 கோட்டைகளுடன் சேர்த்து, மராட்டியப் படைத்துறை நிலத்தோற்றங்கள் என்ற பெயரில் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. அக்காலத்தின் கற்களுக்குக் கிடைத்த இப்பாதுகாப்பு, அக்காலத்தில் வந்த பேச்சுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.