யாரோட ஆளு? - புதிய நாயகர் அறிமுகம் குறித்துச் சில குறிப்புகள்

சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றிச் சிறுபத்திரிகையில் எழுதுவது வீண்வேலை என்று நினைக்கிற நண்பர்கள் உண்டு. 'ஏகாதிபத்தியக் குப்பை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்தான். ஆனால் அந்தக் குப்பையைத்தான் எங்கள் நாட்றாம்பாளையத்திலிருந்து ஓசூர் கம்பெனிகளுக்குப் போய்வரும் பையன்கள் பஸ்ஸில் உட்கார்ந்து செல்போனில் தமிழில் பார்த்து முடிக்கிறார்கள். திரையில் புதிதாக ஒருத்தன் முளைத்தால் "இவன் யாரோட ஆளு?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. நம் விமர்சகர்கள் கேட்க மறந்த கேள்வி இது என்று எனக்குப் படுகிறது.

1

பத்துப் பதினைந்து வருஷம் ஓடிவிட்ட ஒரு படத்தொடருக்கு ஒரு சிக்கல் வந்தே தீரும். நடிகருக்கு வயதாகும், ஒப்பந்தம் முடியும். முதலுக்கு மட்டும் வயதாவதில்லை. அது பெருகியாக வேண்டும். மார்வெல் நிறுவனத்தை வாங்குவதாக டிஸ்னி 2009இல் அறிவித்தபோது பேசப்பட்ட விலை ஏறத்தாழ 400 கோடி டாலர். இவ்வளவு பணம் போட்டவர்கள் நாலைந்து நாயகர்களோடு கடையைச் சாத்திவிட முடியுமா? புது ஆள் வேண்டும். அவரை ஜனங்கள் நம்பவும் வேண்டும்.

இதற்கு அவர்கள் கண்ட வழிகள் மூன்று. முதல் வழி, பழையவர் படத்தில் புதியவரை விருந்தாளியாக நுழைப்பது. 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' (2016) படத்தில் பிளாக் பேந்தரும் ஸ்பைடர் மேனும் இப்படித்தான் வந்தார்கள், தனிப்படங்கள் பிறகுதான். இரண்டாவது, பெயர்கள் ஓடி முடிந்தபின் வரும் துண்டுக் காட்சி. 'அயர்ன் மேன்' (2008) தொடங்கிவைத்த பழக்கம் இது. மூன்றாவது, வாரிசுரிமை. 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' (2019) முடிவில் கிழவனாகிவிட்ட ஸ்டீவ் ரோஜர்ஸ் தன் கேடயத்தை சாம் வில்சனிடம் கொடுக்கிறார்.

மூன்றுக்கும் பொதுவானது சிபாரிசு. புதியவர் என்ன செய்தார் என்பது இரண்டாம்பட்சம். யார் கையைப் பிடித்து உள்ளே வந்தார் என்பதே முதல். அறிமுகம் என்பது இங்கே ஒருவகைச் சொத்து மாற்றம்.

2

சிபாரிசு எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பதையும் இதே தொடர் தன்னையறியாமல் காட்டிக்கொடுக்கிறது. சாம் வில்சன் கறுப்பர். கேடயத்தை வைத்துக்கொள்ளத் தயங்கி அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுகிறார். அரசாங்கமோ அதை எடுத்து ஜான் வாக்கர் என்ற வெள்ளை ராணுவக்காரரிடம் கொடுத்துவிடுகிறது (தொலைக்காட்சித் தொடர், 2021). மூத்த நாயகனே நேரில் கொடுத்த சிபாரிசு அங்கே செல்லாக்காசு! அதே கதையில் ஐசையா பிராட்லி வருகிறார். ராணுவம் தன் பரிசோதனைக்குப் பயன்படுத்தி, பிறகு முப்பது ஆண்டு சிறையில் அடைத்த கறுப்பு வீரர். அவரைப் பல காலம் வெளியுலகுக்கு யாரும் அறிமுகப்படுத்தவே இல்லை.

'ஸ்பைடர் மேன்: ஹோம்கமிங்' (2017) இன்னும் சுவாரசியம். நாயகச் சிறுவனுக்கு டோனி ஸ்டார்க் என்கிற ஆயுத வியாபாரக் குடும்பத்து முதலாளி உடை தைத்துக் கொடுக்கிறார், கோபம் வந்தால் பிடுங்கிக்கொள்கிறார், கடைசியில் திருப்பித் தருகிறார். வில்லன் யாரென்று பாருங்கள். ஏட்ரியன் டூம்ஸ், இடிபாடுகளை அள்ளுகிற சின்ன காண்ட்ராக்ட்காரர். கடன் வாங்கி லாரி பிடித்து ஆள் சேர்த்தபிறகு, அரசாங்கமும் ஸ்டார்க்கும் கூட்டாக அமைத்த ஒரு துறை வந்து அந்த வேலையைப் பறித்துக்கொள்கிறது. அவர் யாரோட ஆளும் இல்லை, ஆகவே வில்லன். தொழிற்பேட்டை கேட்டில் மேஸ்திரி பேரைச் சொல்லி உள்ளே போகிற எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு இந்த இலக்கணம் நன்றாகவே புரியும்.

3

நம்மூர்க் கதைக்கு வருவோம். லோகேஷ் கனகராஜின் 'கைதி' (2019) வந்தபோது டில்லி சிபாரிசு இல்லாத நாயகன். சிறையிலிருந்து வெளியே வந்து மகளைப் பார்க்கப் போகிறவனைச் சந்தேகத்தில் பிடித்து, லாரி ஓட்டவைக்கிறது போலீஸ். 2022இல் 'விக்ரம்' வெளியாவதற்கு முந்தைய நாள், 'கைதி'யை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று இயக்குநரே கேட்டுக்கொண்டார். தனியாக நின்ற ஒரு பிரதி, பின்தேதியிட்டு ஒரு குடும்பத்தில் சேர்க்கப்பட்டது. 'விக்ரம்' முடிவில் சில நிமிஷங்களே வருகிற ரோலெக்ஸ் வில்லன்தான். ஆனால் தியேட்டரில் கிடைத்த வரவேற்பு நாயகனுக்குரியது. படம் வெற்றிபெற்றதும் கமல்ஹாசன் தன்னுடைய ரோலெக்ஸ் கடிகாரத்தை சூர்யாவுக்குப் பரிசளித்தார். கேடயம் கைமாறியது போலத்தான்.

அதே படத்தில் இன்னொரு அறிமுகமும் நடந்தது. வீட்டுவேலை செய்கிற பெண்மணி திடீரென்று ஏஜெண்ட் டீனா என்று தெரியவருகிறது. நடித்தவர் வசந்தி, நடனக் குழுக்களில் பல வருஷம் உழைத்தவர். தியேட்டரே கைதட்டியது. ஆனால் அந்தச் சண்டையிலேயே அவரைச் சாகடித்துவிட்டார்கள். 'கைதி'யில் கமிஷனர் அலுவலகத்தைக் காப்பாற்றிய கான்ஸ்டபிள் நெப்போலியன் (ஜார்ஜ் மரியான்) 'லியோ'விலும் (2023) வருகிறார், கான்ஸ்டபிளாகவே. இரண்டு படங்களையும் கோக்கிற நூல் அவர். நூலுக்குத் தனிப்படம் கிடையாது.

4

"இதெல்லாம் ஹாலிவுட் இரவல், நம் மரபில் வீரன் தானாக எழுந்தவன்" என்று யாராவது ஆரம்பிக்கலாம். எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் நடுகல்லுக்குப் பஞ்சமில்லை. பல ஊர்களில் வேடியப்பன் என்று சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள். அந்தக் கற்களில் எழுத்துள்ளவற்றை வாசித்துப் பாருங்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல் நல்ல உதாரணம். ஏழாம் நூற்றாண்டு. முதலில் பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. அடுத்து வாணகோ அரசர். பிறகு அவருடைய மருமக்கள் பொற்றொக்கையார். அதற்கும் பிறகுதான் அவருடைய 'இளமகன்', அதாவது சேவகன், கருந்தேவக்கத்தி. எருமை மந்தைப் பூசலில் செத்தவன் அவன். தன் சாவைத் தானே செத்தவனுக்கும் மூன்று எஜமானர்களின் சிபாரிசு தேவைப்பட்டிருக்கிறது! கல்லில் செதுக்கிய 'யாரோட ஆளு' இது.

அந்தக் கல்லில் ஒரு நாயும் உண்டு. கோவிவன் என்று அதன் பெயரையும், கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதையும் தனியாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் கல்லில் செயலை மட்டுமே வைத்து அறிமுகமாவது அந்த நாய்தான்.

5

விதிவிலக்கே கிடையாதா? உண்டு. 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' (2014). பழைய நாயகர் யாரும் வந்து கைகாட்டாமலே ஐந்து பேர் வந்தார்கள்: திருடன், கொலை செய்யப் பழக்கப்பட்டவள், பேசும் ரக்கூன், நடக்கும் மரம், பழிவாங்கத் துடிக்கிற ஒரு கைதி. சிறையில்தான் கூட்டு சேர்கிறார்கள். ஒருத்தருக்கு ஒருத்தர் சாட்சி. ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். பத்துப் பேரை ஒரேயடியாக இறக்கிய 'எடர்னல்ஸ்' (2021) எதிர்பார்த்தபடி ஓடாததைக் காட்டி, சிபாரிசு இல்லாவிட்டால் எடுபடாது என்று வாதிடுபவர்கள் முந்தைய கணக்கையும் பார்க்க வேண்டும். கம்பெனி பார்க்கவில்லை. 2024 ஜூலையில் பழைய அயர்ன் மேன் நடிகர் ராபர்ட் டவுனி ஜூனியரையே டாக்டர் டூம் என்ற வில்லனாக மறுபடி அழைத்து வருவதாக அறிவித்தது. புதியவர்மேல் நம்பிக்கை இல்லாத முதல், பழைய முகத்துக்கே திரும்பிப் போகிறது.

அவர்கள் வியாபாரம் அவர்களோடு. எனக்குக் கவலை நம்மைப் பற்றித்தான். நம் இயக்க மேடைகளில் புதிதாகப் பேச வருகிற ஒரு பெண்ணை எப்படி அறிமுகப்படுத்துகிறோம்? 'இன்ன தலைவரின் மகள்', 'இன்ன தோழரின் வார்ப்பு.' புதிதாக எழுத வருகிறவரின் முதல் தொகுப்புக்கு மூத்த எழுத்தாளரிடம் முன்னுரைக்கு அலைகிறோம். வேலைநிறுத்த வரலாறுகளை எழுதும்போது தலைவர் வரிசையை முதலில் போட்டு, கேட்டில் நின்றவர்களை 'மற்றும் பலர்' ஆக்குகிறோம். அதிகாரத்தின் இலக்கணத்தை எதிர்க்கிற நாமும் அதே இலக்கணத்தில்தான் வாக்கியம் அமைக்கிறோம்.

பெயரை முதலில் எழுதுங்கள். செய்ததை அடுத்து எழுதுங்கள். கூட நின்றவர்களைச் சாட்சியாக எழுதுங்கள். யாரோட ஆளு என்பதை எழுதியே ஆகவேண்டுமென்றால், கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.