உங்களுக்குத் தெரியுமா? புற்றுக்குள் புரதம்

ஈசல் சோற்றின் வயது

நல்ல மழை விட்ட அந்தியில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலையடிவாரச் செம்மண் புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பும். புற்றுக்கு அருகே விளக்கை ஏற்றி, கீழே அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் போதும்; வெளிச்சத்துக்கு வந்து தானாக விழும். காயவைத்து, வெறும் சட்டியில் வறுத்து, சுளகில் போட்டுப் புடைத்தால் சிறகெல்லாம் பறந்துவிடும். பிறகு பொரியும் பொட்டுக்கடலையும் கலந்து கொறிக்க வேண்டியதுதான். அகநானூறு 394-ஆம் பாட்டில் வரகரிசியோடு ஈசல் போட்டு ஆக்கிய புளிப்புச் சோறு வருகிறது. புறநானூறு 119-இல் பாரியின் பறம்பு நாட்டிலும் அதே ஈசல், மோர்ப் புளிப்போடு. இன்று சுவர்க்கோழிப் பூச்சியை அரைத்து பிஸ்கட் சுட்டுவிட்டு ‘எதிர்கால உணவு’ என்கிறார்கள்! ஒன்று மட்டும் கவனம்: ஈசலில் புரதத்தோடு கொழுப்பும் தாராளம். கைப்பிடிக்கு மேல் போனால் வயிறு கணக்குக் கேட்கும்.

சிங்கப்பூர் போகிறீர்களா?

உலகில் 1,900-க்கும் மேற்பட்ட பூச்சி வகைகளை மனிதர்கள் தின்கிறார்கள் என்றது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2013 அறிக்கை. 2024 ஜூலையில் சிங்கப்பூர் அரசு 16 வகைப் பூச்சிகளை உணவாக விற்க அனுமதி தந்தது. பட்டியலில் பட்டுப்புழு உண்டு, வெட்டுக்கிளி உண்டு. ஈசல் இல்லை.

கரையான் செய்யும் விவசாயம்

மழைக்குப் பின் புற்றில் குடை விரிக்கும் புற்றுக்காளானைப் பயிரிடுவது கரையான்தான். மரத்தையும் சருகையும் மென்று கழித்த சக்கையைப் புற்றுக்குள் தேன்கூடு போலக் கட்டி வைக்கும். அதில் ஒரு பூஞ்சை வளரும். மரத்தில் கரையானுக்குச் செரிக்காததை அந்தப் பூஞ்சை சிதைத்துத் தர, கரையான் அதைத் தின்னும். ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகளாக நடக்கும் வேளாண்மை இது என்கிறார்கள். மனிதர்களோ இந்தக் காளானைக் கடைக்கு வரும் அளவில் வளர்க்க இன்னும் திணறுகிறார்கள்.

வளர்க்க முடிந்த காளான்களில் இரண்டுக்கு நம் அருப்புக்கோட்டையின் பெயர். சிப்பிக்காளான் ‘ஏ.பி.கே. 1’, பால் காளான் ‘ஏ.பி.கே. 2’ இரண்டும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்கள். சிப்பிக்காளானுக்கு வைக்கோல் போதும். பஞ்சாலைக் கழிவிலும் வளரும். பஞ்சுக்குப் பஞ்சமில்லாத ராஜபாளையத்தார் இதைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் ‘காளான் முழுக்கப் புரதம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்.

பச்சை மாத்திரையின் கணக்கு

சுருள்பாசி என்ற ஸ்பைருலினா, பெயரில்தான் பாசி. உண்மையில் ஒரு பாக்டீரியா. காய்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம். மெக்சிகோவின் டெக்ஸ்கோகோ ஏரியில் அஸ்டெக் மக்கள் அதை அரித்தெடுத்துத் தின்றார்கள். இங்கே அதைத் தொட்டியில் வளர்த்துக் கிராமங்களுக்குக் கொண்டுபோக முனைந்தவர் சென்னை முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தின் சி.வி. சேஷாத்திரி. 1990-களின் தொடக்கத்தில் கிராமக் குழந்தைகளுக்கு நாளுக்கு 1 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் ‘ஏ’ குறைவால் கண்ணில் வரும் வெண்புள்ளிகள் வெகுவாகக் குறைந்தன. அந்தப் பெருமை புரதத்துக்கு அல்ல, பீட்டா கரோட்டினுக்கு. 1 கிராமில் புரதம் ஏறக்குறைய அரை கிராம். ஒரு கோழிமுட்டையில் 6 கிராம். புரதத்துக்காக மாத்திரை வாங்குபவர் ஒரு முட்டைக்கு எத்தனை மாத்திரை என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளட்டும்.

கவிழ்த்த பானை

ஓட்டைப் பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், சருகு. தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் இரவில் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் தூக்கித் தட்டினால் நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்குப் பந்தி. இதையே இப்போது தொழிற்சாலையில் செய்கிறார்கள், கரையானுக்குப் பதில் ‘கறுப்புப் படைவீரன் ஈ’யின் புழுவை வைத்து. காய்கறிக் கழிவைத் தின்றே கொழுக்கும் இந்தப் புழு மீனுக்கும் இறாலுக்கும் கோழிக்கும் தீனி. பூச்சிப் புரதம் மனிதனின் தட்டுக்கு நேராக வருவதைவிட இப்படி மீன் வழியாக வருவதே நடக்கிற காரியம் என்று தோன்றுகிறது. அதிலும் விலை கட்டுப்படியாக வேண்டும். பிரான்சில் கோடிகளைக் கொட்டிப் புழுவளர்த்த ‘இன்செக்ட்’ நிறுவனம் 2025-இல் திவாலானது.

தோட்டத்து மண்ணிலிருந்து

இங்கிலாந்தின் மார்லோ ஊர் மண்ணில் 1967-இல் கிடைத்த ஒரு பூஞ்சைதான் ‘குவார்ன்’ என்ற சைவ இறைச்சியின் மூலம். கடைக்கு வர 1985 ஆனது.

பஞ்சைத் தின்றது, பாலைச் செய்கிறது

இரண்டாம் உலகப்போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் மட்கிப்போயின. தின்றது ட்ரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சை. பருத்தி நாரைக் கரைக்கும் அதன் நொதியைக் கொண்டே இன்று துணியில் பிசிறு நீக்குகிறார்கள். இன்னும் வேடிக்கை, கலிபோர்னியாவின் ‘பெர்ஃபெக்ட் டே’ நிறுவனம் பசுவின் மரபணு ஒன்றை அதே பூஞ்சைக்குள் ஏற்றிப் பால் புரதத்தைச் செய்ய வைத்தது. மாடே இல்லாத அந்தப் புரதத்தில் ஐஸ்கிரீமும் வந்துவிட்டது.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு இதனால் ஆபத்தா? இப்போதைக்கு இல்லை. பூஞ்சை செய்தது பாலின் தெளிநீரில் இருக்கும் புரதத்தை. பால் புரதத்தில் அது ஐந்தில் ஒரு பங்குதான். மீதி நான்கு பங்கு கேசின். விறகடுப்பில் பால் சுண்டச் சுண்டத் திரண்டு வருவதில் அதற்குத்தான் பெரும்பங்கு. கேசின் பாலில் தனித்தனியாக இருப்பதில்லை. கால்சியத்தோடு சேர்ந்து நுண்ணிய உருண்டைகளாகக் கட்டிக்கொண்டிருக்கும். அந்த உருண்டையை மாட்டின் மடி கட்டுவதுபோல் தொட்டியில் கட்டுவதற்குத்தான் ஆய்வகங்கள் இன்னும் மல்லுக்கட்டுகின்றன.