எண்ணெய்ச் சட்டியும் ரொட்டி அடுப்பும்

அமெரிக்க நாட்டில் சொந்தமாகக் கடை வைத்துப் பிழைக்க விரும்பும் ஒருவர், புதிய பெயரொன்றைத் தாமே ஊரில் நிலைநாட்டுவதற்குப் பொறுமையும் பொருளும் போதா என்று கருதினால், முன்பே பெயர் பெற்றுவிட்ட ஒரு ஸ்தாபனத்தாருக்கு முதலில் ஒரு தொகையும், பின்பு நடக்கிற விற்பனையில் ஒரு பங்கும் செலுத்தி, அவர்களுடைய பெயரையும் செய்முறையையும் உபயோகிக்கும் உரிமையைப் பெறலாம். பிரான்சைஸ் என்று வழங்கும் இந்த ஏற்பாட்டில் ரொட்டிக் கடையையும் டோனட் கடையையும் பலர் ஒரே தராசில் வைத்து எண்ணுகிறார்கள். இரண்டும் மாவைப் பிசைந்து விற்கும் தொழில்தானே என்பது அவர்கள் எண்ணம். மாவு ஒன்றாயினும் பண்டத்தின் ஆயுள் ஒன்றன்று. அந்த ஆயுளின் வேற்றுமையே கடைக்காரரின் இரவையும் பகலையும், லாபத்தையும் நஷ்டத்தையும் நிர்ணயிக்கிறது என்பது என் துணிபு.

டோனட்டில் இரண்டு வகை உண்டு. பேக்கிங் பவுடர் சேர்த்த தளர்ந்த மாவு, இயந்திரத்தின் வாயிலிருந்து வளையம் வளையமாக நேரே கொதிக்கும் கொழுப்பில் விழுந்து வேகுமானால் அது கேக் டோனட். ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து, தேய்த்து, வளையமாக வெட்டி, இளஞ்சூடும் ஈரமும் நிறைந்த பெட்டியில் வைத்துப் பொங்கவிட்டு, ஏறத்தாழ 190 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில், பக்கத்துக்கு ஒரு நிமிஷம் அளவில் பொரித்தெடுப்பது மற்றது. நன்றாகப் பொங்கிய டோனட் பாதி முழுகியும் பாதி மிதந்தும் வேகுமாதலால், திருப்பிப் போட்டு எடுத்தபின் அதன் இடுப்பைச் சுற்றி வெளிறிய கோடு ஒன்று தங்கிவிடும். மாவு போதிய அளவு பொங்காதபோது வளையம் கனத்துத் தாழ்ந்து, அந்தக் கோடு மெலியும் அல்லது மறையும். தொழில் தெரிந்தவர் ருசி பார்ப்பதற்கு முன் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பார். நடுவில் துளை இருப்பதன் காரணத்தை உளுந்து வடை சுட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விளிம்பு கருகுவதற்குள் நடுப்பாகம் வெந்தாக வேண்டும்.

இந்தக் கைவேலையை இயந்திரத்துக்கு மாற்றியவர்களில் பிரதானமானவர் அடால்ப் லெவிட். 1920-ல் நியூயார்க் நகரத்தில் அவர் அமைத்த டோனட் இயந்திரம், வளையத்தை விழவிட்டு, மிதக்கவிட்டு, தானே திருப்பி வெளியே தள்ளும் காட்சியைக் காண மக்கள் கண்ணாடிக்கு வெளியே கூடினார்கள். பின்னர், தொழிற்சாலைகளுக்கு வண்டியில் உணவு கொண்டுபோய் விற்று வந்த வில்லியம் ரோசன்பர்க் என்பவர், காப்பியும் டோனட்டுமே மற்றவற்றைவிட அதிகமாகச் செலவாவதைக் கவனித்து, 1948-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்துக் குவின்சியில் ஒரு கடை திறந்தார். 1950-ல் அதற்கு டங்கின் டோனட்ஸ் என்று பெயர் மாற்றி, 1955 முதல் பிறருக்கும் உரிமை வழங்கத் தொடங்கினார். அந்த ஸ்தாபனம் 2019-ல் தன் பெயரிலிருந்தே டோனட் என்ற சொல்லை எடுத்துவிட்டது. பானங்களே வியாபாரத்தின் முதுகெலும்பாகிவிட்டன. பல கடைகளுக்கு டோனட் பொதுச் சமையற்கூடத்திலிருந்து வண்டியில் வந்து இறங்குகிறது. ஆகவே டோனட் கடை வாங்க நினைப்பவர், தாம் வாங்குவது எண்ணெய்ச் சட்டியையா காப்பிக் கடையையா என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும்.

சட்டி கடைக்குள்ளேயே இருந்தால் வேலை நள்ளிரவுக்குச் சற்றுப் பின்னர் ஆரம்பமாகும். காலையில் மெழுகுபோல் பளபளத்த சர்க்கரைப் பூச்சு மாலையில் ஈரம் கோத்துக் கசியும். மறுநாள் அதை முழு விலைக்கு வாங்க ஆள் வரமாட்டார். அதிகமாகப் போட்டால் குப்பை, குறைவாகப் போட்டால் வெறும் தட்டு. இந்தக் கணக்கைத் தினந்தோறும் பிழையின்றிப் போடுவதே அந்தத் தொழிலின் கடினம்.

ரொட்டியின் சுபாவம் வேறு. அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைக் கவிழ்த்து அடியில் விரலால் தட்டினால், வெந்திருந்தால் வெற்றுப் பானையைத் தட்டிய ஓசை எழும். ஆறியபின் அதிலுள்ள மாச்சத்து மெல்ல மெல்லப் படிகமாகி ரொட்டியை விறைக்கச் செய்கிறது. குளிர்ப்பெட்டியில் வைத்தால் அது இன்னும் விரைவாக நடக்கும். ஆயினும் இரண்டு மூன்று நாட்களுக்கு அது உணவாகவே இருக்கும். பழையதும் வறுத்த துண்டாகவோ ரொட்டித் தூளாகவோ விலைபோகும். பீட் வேக்மன், லாரா வேக்மன் தம்பதியர் 1976-ல் மான்டானா மாகாணத்துக் கிரேட் பால்ஸ் ஊரில் தொடங்கிய கிரேட் ஹார்வெஸ்ட் ரொட்டிக் கடை இவ்வகையில் விசேஷமானது. முழுக் கோதுமையின் முளையில் உள்ள எண்ணெய், அரைத்தபின் நாட்பட நாட்படச் சிக்கு நாற்றம் கொள்ளுமாகையால், அந்த ஸ்தாபனத்தார் கடையிலேயே இயந்திரக் கல்லில் கோதுமையை அரைக்கிறார்கள். உள்ளே வருபவர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் தடித்த துண்டு ஒன்றை அறுத்துக் கையில் கொடுக்கிறார்கள். உரிமை பெற்றவர் அடிப்படை நிபந்தனைகளைக் காத்துக்கொண்டு, தம் ஊருக்கு ஏற்றபடி ரொட்டி வகைகளை அமைத்துக்கொள்ளவும் இடம் தருகிறார்கள். கையால் மாவைத் தொட விரும்புகிறவருக்கு இந்தச் சுதந்திரம் பெரிது. எழுதி வைத்ததை அப்படியே நடத்தி, கூட்டத்தை வேகமாக அனுப்புவதில் சமர்த்தருக்கு டோனட் கடையே பொருந்தும்.

எதுவாயினும், ஸ்தாபனத்தின் பங்கு பெரும்பாலும் விற்பனையின் மீதே கணக்கிடப்படுகிறது, லாபத்தின் மீதன்று. வாடகையும் சம்பளமும் கொடுத்தபின் ஒன்றும் மிஞ்சாத மாதத்திலும் அது போயே தீரும். இதனால் ஏமாற்றம் நேராதிருக்க, உடன்படிக்கையில் கையெழுத்திடுவதற்குப் பதினான்கு நாட்களுக்கு முன்பே, 23 தலைப்புகள் கொண்ட விவரப் பத்திரத்தை உரிமை வாங்குபவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அந்நாட்டு மத்திய அரசாங்கம் விதித்திருக்கிறது. கடை தொடங்க ஆகும் செலவு அதில் இருந்தே ஆக வேண்டும். கடைகளின் வருமானத்தைச் சொல்வது மட்டும் ஸ்தாபனத்தின் விருப்பம். வருமானப் பகுதி வெறுமையாக இருந்தால் நான் அதை ஓர் எச்சரிக்கையாகவே கொள்வேன். ஆனால் அதே பத்திரத்தில், இப்போது கடை நடத்துபவர்களுடைய பெயர்களோடு, சென்ற ஆண்டில் விட்டு விலகியவர்களுடைய பெயர்களும் அவர்களை அடையும் வழியும் இருக்கும். விலகியவர்களைத் தேடிப் பிடித்து, கதவடைக்கும் நேரத்தில் எத்தனை தட்டுகளைக் கொட்டினீர்கள் என்றும், மாவு பிசைகிற ஆள் வராத இரவில் இரண்டு மணிக்குக் கடையைத் திறந்தது யார் என்றும் கேட்க வேண்டும்.