மூக்கில் சதை: உடனே கத்தி வேண்டாம்

மூன்று மாதமாக மூக்கடைப்பு. சாம்பார் வாசனைகூடத் தெரியவில்லை. 'சளிதான்' என்று மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்பவர்கள் தாராவியிலும் உண்டு, கோட்டை ஆபீசுகளிலும் உண்டு. ஒரு வாரத்துக்கு மேல் போனால் அந்தச் சொட்டு மருந்தே அடைப்பை உண்டாக்கிவிடும்!

சைனஸ் அறைகளின் சவ்வு நெடுநாள் அழற்சியால் வீங்கி, தோலுரித்த திராட்சை போல் மூக்கில் தொங்குவதே சதை வளர்ச்சி. இது புற்று அல்ல. ஆனால் ஒரே பக்கம் அடைத்தாலோ ரத்தம் கசிந்தாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

முதல் மருந்து ஸ்டீராய்டு ஸ்பிரே. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உடம்பில் சேருவது மிகக் குறைவு. காய்ச்சி ஆறிய உப்புநீரால் மூக்கைக் கழுவி, தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது துவாரத்திலும் இடது கையால் வலது துவாரத்திலும் அடிக்க வேண்டும், நடுத்தண்டில் படக்கூடாது. பலன் தெரியப் பல வாரமாகும். நாலு நாளில் தூக்கி எறிந்தால் மருந்து என்ன செய்யும்?

ஸ்டீராய்டு மாத்திரை வேறு சமாச்சாரம். சதையைச் சட்டென்று சுருக்கும். ரத்தத்தில் சர்க்கரையையும் ஏற்றும். பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்கக் கூடாது.

மருந்துக்கு மசியாவிட்டால் எண்டோஸ்கோப் ஆபரேஷன். சதை மறுபடி வளரக்கூடும் என்பதால் அதன் பிறகும் ஸ்பிரே தேவை. 2019-ல் அமெரிக்கா இந்த நோய்க்கு அனுமதித்த டுபிலுமாப் ஊசி, குமாஸ்தா சம்பளத்துக்கு எட்டாதது.

சதையோடு ஆஸ்துமாவும் உள்ள சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாத்திரைகளே கடும் மூச்சுத்திணறல் தரும். தலைவலி மாத்திரை கேட்குமுன் டாக்டரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.