மின்னூல் கருவியின் மின்கலமும் பழுதுபார்க்கும் உரிமையும்

சிட்னியிலும் மெல்பர்னிலும் வாழும் தமிழர்கள் தாயகத்திலிருந்து நூல்களைச் சுமந்து வரும் தேவையை மின்னூல் வாசிப்புக் கருவிகள் குறைத்திருக்கின்றன. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் இலவசமாக வழங்கி வருகிறது. ஆனால் அவற்றைப் படிக்க உதவும் கருவி எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதனுள் இருக்கும் மின்கலமே.

இக்கருவிகளின் மின்மைத் திரை, பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரத்தைச் செலவிடுகிறது. ஆகவே ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் படிக்க இயலும். ஆயினும் லித்தியம் அயன் மின்கலம், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும்கூட, ஆண்டுகள் செல்லச் செல்லத் திறனை இழந்துவிடும். திரை நன்றாகவே இருக்கும். கருவி மட்டும் பயனற்றுப் போகும்.

2007ஆம் ஆண்டு அமேசான் வெளியிட்ட முதல் கிண்டிலில், பின்மூடியைக் கழற்றி உரிமையாளரே மின்கலத்தை மாற்ற முடிந்தது. 2009இல் வந்த இரண்டாவது கிண்டில் அவ்வாறு எளிதில் திறக்க இயலாத உடலமைப்பைக் கொண்டிருந்தது. பசையிட்டு ஒட்டப்பட்ட மின்கலத்தை நெம்பி எடுக்கையில் அது துளைபட்டால் தீப்பற்றும் அபாயம் உண்டு. எதிர்த்திசையிலும் ஒரு நகர்வு உண்டு: 2024இல் கோபோ நிறுவனம், ஐஃபிக்ஸிட்டுடன் இணைந்து தனது சில புதிய கருவிகளைப் பயனரே பழுதுபார்க்க வழிசெய்தது.

ஆஸ்திரேலியச் சட்டம் நுகர்வோருக்குச் சாதகமானது என்றே கருதப்படுகிறது. பிறரிடம் பழுதுபார்த்த கருவிகளுக்கு நிவாரணம் கிடையாது என்று வாடிக்கையாளர்களிடம் தவறாகக் கூறியதற்காக, ஆப்பிள் நிறுவனத்துக்கு 2018இல் கூட்டாட்சி நீதிமன்றம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. உதிரிபாகங்கள் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. ஆனால் அவை கிடைக்காது என்று உற்பத்தியாளர் முன்கூட்டியே அறிவித்துவிட்டால் அந்தக் கடமை நீங்கிவிடும். இந்த விலக்கு, சட்டம் தரும் பாதுகாப்பில் பெரும்பகுதியைப் பறித்துக்கொள்கிறது என்றே சொல்ல வேண்டும்.

பழுதுபார்க்கும் உரிமை குறித்து உற்பத்தித்திறன் ஆணையம் 2021இல் அறிக்கை அளித்தது. மோட்டார் வாகனங்களின் பழுதுபார்ப்புத் தகவல்களைப் பகிரும் சட்டம் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியமோ, கையடக்கச் சாதனங்களின் மின்கலங்களைப் பயனரே கழற்ற இயல வேண்டும் என்ற விதியை, சில விலக்குகளுடன், 2027 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒரே கருவியை இரு விதமாகத் தயாரிப்பது செலவு மிக்கது என்பதால், அதன் பலன் ஆஸ்திரேலியக் கடைகளையும் எட்டக்கூடும்.

அதுவரை, பழைய கருவியைக் குப்பைத் தொட்டியில் போடுவது ஆபத்தானது. குப்பை வண்டியில் நசுங்கும் மின்கலம் தீயை மூட்டும். மெல்பர்ன் அமைந்துள்ள விக்டோரியா மாநிலம், மின்னணுக் கழிவுகளை நிலத்தில் புதைப்பதை 2019 ஜூலையிலேயே தடை செய்துவிட்டது.