வாயில் வாழும் பாக்டீரியாவும் புற்றுநோயும்

துணியில் இழை எண்ணிப் பார்க்கும் கண்ணாடி நம்மவர் அறிந்ததே. ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் ஜவுளிக்கடை நடத்திய லீவன்ஹூக் என்பவரும் அத்தகைய கண்ணாடியோடு பழகியவர். பின்னர்த் தாமே வில்லைகளைத் தேய்த்து நுண்பெருக்கிகள் செய்தார். 1683-ஆம் ஆண்டு தம் பல்லிடுக்கில் படிந்த வெண்ணிற அழுக்கை எடுத்து, மழைநீரில் கலந்து நோக்கியபோது, எண்ணிறந்த சிற்றுயிர்கள் துள்ளித் திரிவதைக் கண்டு வியந்தார். இத்தனைக்கும் அவர் நாள்தோறும் உப்பிட்டுப் பல் துலக்கியவர்!

மனிதர் வாயில் வாழும் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 700 இனம் என்பர். பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆயினும், ஈறுகளில் சீழ் பிடிக்கச் செய்யும் சில இனங்கள் வாய்ப் புற்றுநோய்க்கும் துணைபோகின்றனவோ என்னும் ஐயம் அறிஞர்களிடையே வலுத்துள்ளது. வயிற்றில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுக் கழகம் 1994-இல் புற்றுநோய்க் காரணிகளின் வரிசையில் சேர்த்துவிட்டது. வயிற்றில் நிகழ்வது வாயில் நிகழாதோ?

காலம் முடிந்த உயிரணு தானே மடிவது உடலின் ஒழுங்கு. ஈறுநோய்க்குரிய போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்னும் பாக்டீரியா இவ்வொழுங்கைத் தடுப்பதை ஆய்வுக்கூடத்தில் கண்டுள்ளனர். ஃபியூசோபாக்டீரியம் என்பது நல்ல தசையைவிடப் புற்றுக்கட்டியில் மிகுந்து காணப்படுகிறது. ஆனால், சாய்ந்த மரத்தில் கறையானைக் கண்டவுடன், கறையானே மரத்தைச் சாய்த்தது என்று கூறிவிட இயலுமா? காற்றை வெறுக்கும் இவ்வுயிர்களுக்குச் செத்த தசை நல்ல உறைவிடம். ஆகவே வழக்கு இன்னும் முடியவில்லை.

மதுவின் செய்தி இதனினும் தெளிவானது. உமிழ்நீரிலுள்ள பாக்டீரியாக்கள் மதுவை அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப் பொருளாக மாற்றுகின்றன. மதுவினால் உடலில் உண்டாகும் இப்பொருளையும் 2009-இல் மேற்படி கழகம் அவ்வரிசையில் சேர்த்தது. வாயைத் தூய்மையாக வையாதவரிடத்தும் புகைப்பவரிடத்தும் இந்நச்சு மிகுதியாக உண்டாகிறது.

எனினும் முதற் குற்றவாளிகள் புகையிலையும் பாக்குமே. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைவிக்கும் என்று அக்கழகம் 2004-இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. பாக்கும் புகையிலையும் பயிரிடும் அன்பர்கள் நம்மிடையே உளர். அதற்காக இதை மறைப்பது முறையன்று. தறிக்குழியில் அமர்ந்து, கன்னத்தில் புகையிலையை ஒதுக்கி வைத்துக்கொண்டே நாள் முழுதும் நெய்வோர் சிலரும் உளர். அடக்கிய இடத்திலேயே பெரும்பாலும் நோய் தோன்றுகிறது. நாட்பட்ட பாக்குப் பழக்கத்தால் கன்னத்தின் உட்புறம் இறுகி, ஒரு கவளச் சோறு கொள்ளவும் வாய் திறவாமற் போவதுண்டு.

வெண்திட்டு, செந்திட்டு, இரண்டு வாரங்கள் கடந்தும் ஆறாத புண் ஆகியவற்றைக் கண்டால் அரசு மருத்துவமனைக்குத் தாமதமின்றிச் செல்லவேண்டும். வாயைத் திறந்து விளக்கொளியில் பார்ப்பதே முதற் சோதனை. வலியில்லை, சில நிமிடங்களே ஆகும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுதோறும் சென்று இவ்வாறு பார்த்தனர். அதனால் புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே இந்நோயால் நேரும் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென 2005-இல் வெளியான முடிவு தெரிவிக்கிறது.