செம்புள்ளி நோக்கியும் அதன் தாங்கியும்

குறி என்னும் சொல் நம் மொழியில் எய்யப்படும் இலக்கையும் சுட்டும். ஒன்றனை உணர்த்தும் அடையாளத்தையும் சுட்டும். துப்பாக்கி சுடுவோன் இவ்விரண்டையும் ஒரு நேர்க்கோட்டிற் கொணர்தல் வேண்டும். பழைய முறையில், பின்னுள்ள பிளவு, முன்னுள்ள முனை, தொலைவிலுள்ள இலக்கு ஆகிய மூன்றையும் அவன் ஒருங்கே நோக்க வேண்டியவனாகின்றான். கண்ணோ ஒரு வேளையில் ஒரு தொலைவையே தெளிவுறக் காணும் இயல்பினது. இவ்விடர் நீங்க எழுந்ததே 'ரெட் டாட் சைட்' என வழங்கும் செம்புள்ளி நோக்கி. அதனைத் துப்பாக்கியொடு பிணைக்கும் தாங்கியைத் தேர்ந்து பொருத்தும் வகையை ஈண்டு ஆராய்வாம்.

டப்ளின் நகரில் தொலைநோக்கிகள் சமைத்த சர் ஹவர்டு கிரப் என்பார், 1900-ஆம் ஆண்டில் இதன் மூலக்கருத்துக்கு உரிமை பெற்றார். சுவீடன் நாட்டு எயிம்பாயிண்ட் கம்பெனியார் 1975-ஆம் ஆண்டில் இதனை மின்னொளிக் கருவியாக்கி விற்பனைக்குக் கொணர்ந்தனர். எல்.இ.டி. என்னும் சிறு விளக்கின் செவ்வொளி, முன்னுள்ள வளைந்த கண்ணாடியிற் பட்டு, இணைகதிர்களாய்க் கண்ணை நோக்கி மீளும். ஆதலின் புள்ளி நெடுந்தொலைவில் நிற்பதுபோலத் தோன்றும். கண் சிறிது விலகினும் குறி பெரிதும் பிறழாது. லேசரைப் போல இதன் ஒளி இலக்கின்மேற் சென்று படுவதன்று.

இத்துணைச் சிறந்த கருவியும் தாங்கி தளரின் பயனற்றதாம். குறி சரிசெய்த பின்னர், 50 மில்லிமீட்டர் நீளமுள்ள தாங்கியின் ஒரு முனை 0.1 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டதெனக் கொள்வோம். அப்பிழை 100 மீட்டர் தொலைவில் 20 சென்டிமீட்டராகப் பெருகும். இலக்கைத் தவறிய குண்டு வெளியிற் கரைந்து மறைவதில்லை. எதனையேனும் சென்று தாக்கியே தீரும்.

தாங்கியைத் தேர்வார் முதற்கண் காணவேண்டுவது, துப்பாக்கியின் மேலுள்ள ரெயிலின் வகை. அமெரிக்கப் படைத்துறை 1995-இல் வரையறுத்த பிக்காட்டினி ரெயிலில் ஒவ்வொரு பள்ளமும் 5.23 மில்லிமீட்டர் அகலமுடையது. அதனினும் பழைய வீவர் ரெயிலின் பள்ளம் குறுகியது. ஆகவே பிக்காட்டினிக்கென அமைந்த தாங்கியின் குறுக்காணி வீவர் பள்ளத்தில் இறங்காது.

அடுத்தது உயரம். ஏ.ஆர்.-15 வகைத் துப்பாக்கியின் அடிக்கட்டை குழலுக்கு நேரே அமைந்திருத்தலின், நோக்குக்கோடு குழலுக்கு ஏறத்தாழ 6½ சென்டிமீட்டர் மேலே நிற்றல் வேண்டும். கட்டை தாழ்ந்த வேட்டைத் துப்பாக்கிக்கோ தாழ்ந்த தாங்கியே ஏற்றது. இன்றேல் கன்னம் கட்டையிற் படியாது. உயர்ந்த தாங்கியுடையார் ஒன்றை மறத்தலாகாது: மிக அணிமையிற் சுடுங்கால் குண்டு புள்ளிக்குக் கீழேயே படும்.

இனிப் பொருத்தும் முறை. தோட்டாப் பெட்டியைக் கழற்றித் தோட்டாவறை வெறுமையாயிருத்தலைக் கண்ணாலும் விரலாலும் தேர்ந்த பின்னரே கருவியை எடுக்க. ரெயிலிலும் திருகாணிகளிலும் உள்ள எண்ணெயைத் துடைக்க. தாங்கியைப் பள்ளத்தில் இருத்திக் குழல்வாய்ப் பக்கமாகத் தள்ளி இறுக்குக. வெடிக்குங்கால் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். தாங்கியோ நின்றவிடத்தே நிற்க முயலும். முன்னரே பள்ளத்தின் முன்சுவரோடு பொருந்தியிருப்பின் அது நகர இடமின்று. முறுக்களவு காட்டும் ரெஞ்சு கொண்டு, செய்தோர் குறித்த அளவிற்கே திருகுக. மிகுதியாக முறுக்கின் மரை அழியும். குறைவாக முறுக்கின் அதிர்ச்சியில் தளரும். திருகாணித் தலையினின்று தாங்கிவரை வண்ணக்கோடொன்று இடுக. பின்னர் அக்கோடு முறிந்து காணின், ஆணி அசைந்ததென அறியலாம்.

இறுதியாக, பாதுகாப்பான சுடுகளத்தில் சில குண்டுகள் சுட்டு, அவை படும் இடத்தின் நடுவோடு புள்ளியை இசைவிக்க. அதன்பின் திருகாணிகளை மீண்டும் ஒருமுறை தேர்க. தாங்கியைக் கழற்றி மாட்டுந்தோறும் இச்சோதனை வேண்டப்படும்.

அச்சாணி இல்லாத் தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் பழமொழி. ஒளிரும் புள்ளியை எல்லாரும் காண்பர். அதனைத் தாங்கும் ஆணியைக் காண்பார் சிலரே. ஆயினும் சுடுவோனது பொறுப்பு விரல் விசையைத் தொடும்போது தொடங்குவதன்று. அவ்வாணியைத் திருகும்போதே தொடங்கிவிடுகின்றது.